வாடையும் விதையும்

‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பது தமிழ் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் முதுமொழி. உறைபனியைக் கண்ணாலும் காணாத வெப்பநாட்டு மக்களிடையே இத்தகைய மொழி வழங்குவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் குளிர் என்பது வெப்பமானி காட்டும் அளவை மட்டும் பொறுத்ததன்று. உடல் எதற்குப் பழகியிருக்கிறதோ அதனையும் பொறுத்தது. பனிநாட்டு மனிதனுக்கு இதமாக இருக்கும் ஓர் இரவு, மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்து உழவனைப் போர்வை தேடச் செய்கிறது. மனிதரிடையே காணும் இவ்வேறுபாடு மரஞ்செடி கொடிகளிடையேயும் உண்டா? உண்டெனின், அது அவற்றின் உடலில் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது? உழவனின் விதைப்பெட்டிக்கும் இவ்வினாவுக்கும் யாது தொடர்பு? இவையே இன்றைய உரையின் பொருள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் மறையும் திசையிலுள்ள நிலப்பரப்பை மக்கள் படுவான்கரை என்று அழைப்பர். அப்பக்கத்தில், செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்த ஊர் கரடியனாறு. நெல்வயல்களும், மாட்டுப்பட்டிகளும், உறுகாமக் குளத்தின் நீரும், அரசினர் விவசாயப் பண்ணையும் பயிற்சி நிலையமும் இவ்வூர்ப் பகுதிக்கு அடையாளங்கள். பெரும்போகத்தில் பச்சைக் கடலாகவும், சிறுபோகத்துக்கு நீர் எட்டாத வயல்களில் கச்சான் காற்றுக் கிளப்பும் புழுதிப் படலமாகவும் காட்சி தருவது இந்நிலம். குளிரைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வூர் ஏற்றதன்று என எண்ணத் தோன்றும். ஆனால் அவ்வூரைத் தொட்டுச் செல்லும் தெருவே அவ்வெண்ணத்தை மாற்றிவிடுகிறது.

பேராதனையில் தொடங்கி, கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, பதுளைக்கு இறங்கி, பிபிலையையும் மகாஓயாவையும் கடந்து செங்கலடியில் முடிவது அத்தெரு. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் அதிக உயரத்தில் உள்ளது. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ இரண்டு பாகை செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது பொதுவிதி. ஆகவே ஒரே நாளில் ஒரே வண்டியில் பயணம் செய்பவர், தை மாதத்து விடியலில் புல் நுனியில் உறைபனி படியும் மேட்டிலிருந்து, வியர்வை அரும்பும் வாவிக்கரைக்கு வந்து சேரலாம். அங்கே பேரியும் உருளைக்கிழங்கும் தேயிலையும். இங்கே மாவும் மரமுந்திரிகையும் நெல்லும். ஒவ்வொரு பயிரும் தனக்குரிய உயரத்தில் நின்றுகொண்டிருக்கிறது. மேட்டுப் பயிரைப் பள்ளத்திலும் பள்ளப் பயிரை மேட்டிலும் மாற்றி நட்டால், முளைத்தாலும் பயன் தருவது அரிது.

எனினும் குளிர் சில வேளைகளில் மேட்டை விட்டுப் பள்ளத்துக்கும் வந்துவிடுகிறது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இரண்டாம் வாரத்தில், வங்காள விரிகுடாவில் மாண்டஸ் எனப் பெயரிடப்பட்ட புயல் தோன்றி, தமிழகத்தின் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. அதனையொட்டி இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் கடுங்காற்றும் மழையும் வழக்கத்துக்கு மாறான குளிரும் சேர்ந்து வீசின. திறந்த வெளிகளில் நனைந்து நின்ற மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் மடிந்தன. வெப்பமானி உறைநிலைக்கு அருகே கூடச் செல்லவில்லை. ஆயினும் நனைந்த உடல், ஓயாத காற்று, பழகாத குளிர் ஆகிய மூன்றும் ஒன்றுகூடியபோது வெப்பநாட்டுக் கால்நடைகளால் தாங்க இயலவில்லை. பட்டியையே செல்வமாகக் கொண்ட குடும்பங்கள் ஓரிரவில் அச்செல்வத்தை இழந்து நின்றன.

சங்கப் புலவர் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையின் தொடக்கத்தில் இத்தகைய காட்சியே வருகிறது. வெள்ளத்துக்கு அஞ்சிக் கோவலர் நிரையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. பறவைகள் குளிரால் விழுகின்றன. கறவை மாடு தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. வாடை என்பது தமிழர்க்குப் புதியதன்று. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தொல்காப்பியர், கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றைக் குளிருக்கே ஒதுக்கினார்.

மாட்டுக்குக் கால்கள் உண்டு. கொட்டில் இருப்பின் ஒதுங்கும்; கோவலன் ஓட்டினால் மேட்டுக்கு ஏறும். நெற்பயிருக்கும் மாமரத்துக்கும் அந்த வழி இல்லை. முளைத்த இடத்திலேயே நின்று, வருவதை ஏற்று, தன் உடலையே மாற்றிக்கொண்டு பிழைக்க வேண்டும். இம்மாற்றத்தை எவ்வாறு செய்வது என்னும் அறிவு விதைக்குள்ளேயே, பரம்பரை அலகுகள் எனப்படும் ஜீன்களில் எழுதப்பட்டிருக்கிறது. அவ்வெழுத்தை ஓரளவேனும் படிக்கக் கற்றுக்கொண்டதே கடந்த 30, 40 ஆண்டுகளில் தாவர விஞ்ஞானம் செய்த பெருஞ்செயல்களுள் ஒன்று.

முதலில் குளிர் செடியை எவ்வாறு தாக்குகிறது என்பதைப் பார்க்கலாம். உயிருள்ள ஒவ்வொரு கலத்தையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. அது கொழுப்பினால் ஆனது. நெய் குளிரில் உறைவதும், நல்லெண்ணெய் அதே குளிரில் இளகிய நிலையிலேயே இருப்பதும் இல்லந்தோறும் கண்ட காட்சி. கலச்சவ்விலுள்ள கொழுப்பு நெய்யின் இயல்பினதாயின் குளிரில் இறுகிவிடும். இறுகிய சவ்வில் கசிவு உண்டாகிக் கலத்தின் ஒழுங்கு குலையும். எண்ணெயின் இயல்பினதாயின் இளக்கம் மாறாது தொழிற்படும். வெப்பநாட்டுச் செடிகள் பலவற்றின் சவ்வு முதல்வகையை ஒத்தது. குளிர்நாட்டுச் செடிகளின் சவ்வு இரண்டாம் வகையை ஒத்தது. வாழைப்பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துவிடுவதை இல்லத்தரசியர் அறிவர். ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே அப்பழத்தின் தோற்கலங்கள் சேதமுறுகின்றன. ஆப்பிளோ அதே பெட்டியில் வாரக்கணக்கில் நலமாக இருக்கிறது.

இக்கருத்தை 1992ஆம் ஆண்டில் யப்பானிய விஞ்ஞானி நோரியோ முரட்டாவும் அவர் குழுவினரும் பரிசோதனையால் நிறுவினர். சவ்வுக் கொழுப்பின் அமைப்பை நிர்ணயிக்கும் ஒரு ஜீனை, குளிர் தாங்காத பூசணி இனத்திலிருந்து எடுத்துப் புகையிலைச் செடியில் சேர்த்தனர். அப்புகையிலை குளிருக்கு முன்னிலும் நலிவுற்றது. அதே தொழிலைச் செய்யும் ஜீனை, குளிர் தாங்கும் வேறொரு செடியிலிருந்து சேர்த்தபோது புகையிலை முன்னிலும் உரம் பெற்றது. ஒரே ஓர் ஜீனின் மாற்றம் குளிர் தாங்கும் தன்மையைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்பது இதனால் தெளிவாயிற்று.

இனி, செடி குளிரை எதிர்த்து எழும் முறையை நோக்கலாம். ஐரோப்பியக் குளிர்நாடுகளின் கோதுமைப் பயிரைத் திடீரென உறைபனியில் வைத்தால் அது மடியும். சில நாட்கள் மிதமான குளிரில் வைத்துப் பின்னர் உறைபனிக்கு விட்டால் பிழைத்துக்கொள்ளும். இடைப்பட்ட நாட்களில் அது தன்னைப் பதப்படுத்திக்கொள்கிறது. கொல்லன் இரும்பைப் பதப்படுத்துவது போன்றது இச்செயல். இதன் உள்மருமத்தை ஆராய விஞ்ஞானிகள் தெரிந்தெடுத்தது அராபிடோப்சிஸ் என்னும் சிறு களைச்செடி. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிக்குச் சந்தையில் மதிப்பு ஏதுமில்லை. ஆனால் ஆய்வுகூடத்தில் அதற்கு நிகரான செடி வேறில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தோமாசோ என்பாரின் ஆய்வுக்குழு, 1997ஆம் ஆண்டளவில் அச்செடியில் ஒரு தலைமை ஜீனைக் கண்டறிந்து அதற்குச் சி.பி.எப். எனப் பெயரிட்டது. அடுத்த ஆண்டில் யப்பானில் சினோசாக்கி தம்பதியரின் குழு அதே இனத்து ஜீன்களைத் தனியாகக் கண்டறிந்து வேறு பெயரிட்டது. குளிர் பட்ட 15 நிமிடங்களுக்குள் இந்த ஜீன் விழித்துக்கொள்கிறது. விழித்ததும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அப்புரதம் பரம்பரை ஏட்டில் குறிப்பிட்ட அடையாளம் பொறித்த இடங்களைத் தேடிச் சென்று, அங்குள்ள ஜீன்களை வேலைக்கு அழைக்கிறது. சில மணி நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஜீன்கள் தொழிற்படத் தொடங்குகின்றன. சில, சவ்வுக்குக் காப்பளிக்கும் புரதங்களைச் செய்கின்றன. சில, சர்க்கரையைத் திரட்டிக் கலச்சாற்றைச் செறிவாக்குகின்றன. சில, கொழுப்பின் இயல்பை மாற்றுகின்றன. ஊரில் பறையறைந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் கடமையை மேற்கொள்வது போன்றது இது.

பறையறைபவனை எழுப்புவது யார்? 2003ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஆய்வு செய்த இந்திய விஞ்ஞானி விசுவநாதன் சின்னுசாமி முதலாசிரியராக வெளியிட்ட கட்டுரை, ஐஸ்-1 என்னும் மற்றொரு ஜீனே அதனை எழுப்புகிறது என்று அறிவித்தது. அது பல ஆண்டுகள் பாடநூல்களில் இடம்பெற்றது. 2020ஆம் ஆண்டில் தோக்கியோ ஆய்வாளர்கள், அப்பரிசோதனையில் பயன்பட்ட செடியில் வேறொரு காரணத்தால் அத்தோற்றம் ஏற்பட்டிருக்கலாம் என்று சான்று காட்டினர். இவ்விவாதம் விஞ்ஞானத்துக்கு இழுக்கன்று. நேற்றைய முடிவை இன்றைய சான்றினால் உரைத்துப் பார்ப்பதே அதன் வழக்கம்.

இங்கு வெப்பநாட்டு உழவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. குளிர்நாட்டுச் செடிக்கு இத்தலைமை ஜீன் இருக்கிறது. வெப்பநாட்டுச் செடிக்கு அது இல்லையா? இருக்கிறது என்பதே வியப்புக்குரிய விடை. தக்காளி குளிர் தாங்காத செடி. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, தக்காளியிலும் இந்த ஜீன் உண்டு, குளிர் பட்டதும் அதுவும் விழிக்கிறது என்று காட்டியது. ஆனால் அதன் அழைப்பை ஏற்று எழும் ஜீன்கள் தக்காளியில் மிகச் சிலவே. பறை ஒலிக்கிறது, படைவீரர்தாம் குறைவு. பல்லாயிரம் தலைமுறையாகக் குளிரைக் காணாத குலத்தில், எச்சரிக்கை முறை எஞ்சியிருந்தும் அதற்குரிய படை திரளவில்லை. 2022ஆம் ஆண்டுக் குளிரில் நடுங்கிய வெப்பநாட்டு உயிர்களின் நிலைக்கு இதனை ஓர் உவமையாகக் கொள்ளலாம்.

அவ்வாறாயின், தலைமை ஜீனை ஓயாது விழித்திருக்கச் செய்தால் பயிர் எந்நேரமும் காப்புடன் இருக்குமன்றோ? விஞ்ஞானிகள் இதனையும் செய்து பார்த்தனர். அத்தகைய செடிகள் குளிரைத் தாங்கின. வறட்சியைக் கூடத் தாங்கின. ஆனால் குட்டையாக நின்றன, காலந்தாழ்த்திப் பூத்தன. எந்நாளும் போருக்கு அணிவகுத்து நிற்கும் நாட்டில் ஏர் பூட்ட ஆள் இராது. தேவை வரும்போது மட்டும் விழிக்கும்படி அமைத்த பின்னரே அச்செடிகள் நன்கு வளர்ந்தன. காப்புக்கும் விளைவுக்கும் இடையே உள்ள இச்சமநிலையே பயிர் வளர்ப்போர் அனைவரும் சந்திக்கும் சிக்கல்.

மரங்களின் கதை இன்னும் சுவையானது. ஆப்பிள், பேரி, பீச் முதலிய குளிர்நாட்டுப் பழமரங்கள் குளிரைத் தாங்குவதோடு நில்லாமல் அதனை வேண்டவும் செய்கின்றன. இலையுதிர்த்து உறங்கும் மொட்டு, போதிய குளிரைக் கண்ட பின்னரே விழிக்கும். ஆப்பிள் இனங்கள் பலவற்றுக்கு, 7 பாகைக்குக் குறைந்த குளிர் ஏறத்தாழ 1,000 மணி நேரம் தேவை. மாரி நடுவில் இரண்டொரு நாள் வெயில் எறித்தால் ஏமாந்து பூத்துவிடாமல் இருப்பதற்காக இயற்கை வகுத்த எண்ணிக்கை இது. தெற்கு மெக்சிக்கோவின் வெப்பமான பகுதியிலிருந்து கிடைத்த ஒருவகைப் பீச் மரம் உறங்குவதே இல்லை. ஆண்டு முழுவதும் துளிர்த்துக்கொண்டே இருக்கும். அதன் பரம்பரை ஏட்டை ஆராய்ந்தபோது, வரிசையாக அமைந்த ஆறு ஜீன்கள் உள்ள பகுதியில் ஒரு கூறு அழிந்துபோயிருந்தது தெரியவந்தது. உறக்கத்துக்குக் காவலான அந்த ஜீன்களே டாம் ஜீன்கள் எனப் பின்னர் பெயர் பெற்றன. உறக்கத்தை இழந்த அம்மரத்தைக் குளிர்நாட்டில் நட்டால், துளிர்த்தபடியே பனியில் கருகிவிடும். வெப்பநாட்டில் வரமாக இருந்தது குளிர்நாட்டில் சாபமாகிறது.

இவ்வகையில் இந்தியாவில் நிகழ்ந்த ஒன்றும் நினைவுகூரத்தக்கது. இமாசலப் பிரதேசத்தின் பிலாசுப்பூர் மாவட்டத்தில், ஆப்பிளுக்கு ஏற்றதல்லாத தாழ்ந்த வெப்பமான மலைச்சரிவில், ஹரிமன் சர்மா என்னும் உழவர் 1990களின் இறுதியில் தாமாக முளைத்த ஓர் ஆப்பிள் கன்றைக் கண்டு வளர்த்தார். அது காய்த்தது. கோடையில் 40 பாகைக்கு மேல் வெப்பம் ஏறும் இடங்களிலும் விளையும் அவ்வினம், எச்.ஆர்.எம்.என்.-99 என்னும் பெயரால் இந்தியாவின் பல மாநிலங்களில் நடப்பட்டது. 2025ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. குளிர் தேவை குறைந்த ஜீன் அமைப்பொன்று இயற்கையில் தோன்றியதும், அதனைக் கண்டு பேணும் கண் ஓர் உழவருக்கு வாய்த்ததும் ஒருங்கே நிகழ்ந்த நற்பேறு அது.

கரடியனாற்றுத் தோட்டங்களின் மாமரத்துக்கு வருவோம். மாமரம் உறைபனியைத் தாங்காது. ஆயினும் இலேசான குளிரை விரும்புகிறது. கோடைக்கும் குளிருக்கும் பெரும் வேறுபாடு உள்ள நாடுகளில், இரவின் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கினால் முதிர்ந்த கிளைநுனிகளில் பூக்கும் ஆணை பிறக்கிறது. இலையில் உருவாகி நுனிமொட்டுக்குச் செல்லும் அவ்வாணையைப் பிறப்பிக்கும் ஜீன், குளிரில் அதிகம் தொழிற்படுவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். மட்டக்களப்பின் இரவுகள் அவ்வளவு குளிர்வது அரிது. ஆகவே இங்கு கிளையின் முதிர்ச்சியும் மழைக்குப் பின்வரும் வறட்சியுமே பெரும்பங்கு வகிக்கின்றன. வாடையின் மென்குளிர் துணை செய்கிறது. மழை நீண்டு, இரவும் வெம்மையாகவே கழிந்த ஆண்டில், மரம் பூவை மறந்து இளந்தளிரை விடுவதுண்டு. தளிர் செழித்த ஆண்டில் காய் குறையும் என்னும் தோட்டக்காரரின் அனுபவ மொழிக்கு இதுவே விளக்கம்.

குளிரை நினைவில் வைத்திருக்கும் செடிகளும் உண்டு. குளிர்கால கோதுமை, மாரிக் குளிரை வாரக்கணக்கில் அனுபவித்த பின்னரே வேனிலில் கதிர் விடும். அராபிடோப்சிஸ் செடியில், பூப்பதைத் தடுத்து நிற்கும் ஒரு ஜீனை நீண்ட குளிர் மெல்ல மெல்ல அடக்கிவிடுகிறது என்பது 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளின் வழி தெரியவந்தது. குளிர் நீங்கிய பின்னும் அவ்வடக்கம் நீடிக்கிறது. ஆனால் விதை உருவாகும்போது அந்நினைவு அழிக்கப்படுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் குளிரைப் புதிதாகவே காண வேண்டும். தாய்ச்செடி பெற்ற பயிற்சி மகச்செடிக்குப் போய்ச் சேர்வதில்லை.

இவ்வுண்மையை மறுத்ததனால் விளைந்த கேடு வரலாற்றில் பதிந்துள்ளது. சோவியத் நாட்டில் லைசென்கோ என்பார், விதையைக் குளிரில் பழக்கினால் அப்பழக்கம் பரம்பரையாக நிலைக்கும் என்று வாதித்து ஆட்சியாளரின் ஆதரவைப் பெற்றார். உலகெங்கும் அலைந்து பயிர்விதைகளைச் சேர்த்த பேரறிஞர் நிக்கலாய் வாவிலோவ் அதனை எதிர்த்தார். 1940ஆம் ஆண்டில் கைதானார். 1943ஆம் ஆண்டு சனவரியில் சராத்தோவ் சிறையில் மடிந்தார். அக்காலத்திலேயே லெனின்கிராட் நகரம் முற்றுகைக்குள்ளாகி மக்கள் பட்டினியால் மாண்டுகொண்டிருந்தனர். வாவிலோவ் சேர்த்த விதைக் களஞ்சியத்தின் ஊழியர் சிலர், மூட்டை மூட்டையாக நெல்லும் கோதுமையும் அருகிருக்க, அவற்றில் ஒரு மணியையும் உண்ணாது பசியால் உயிர் நீத்தனர். விதைநெல்லைக் குற்றித் தின்னலாகாது என்னும் உழவர் அறம் அங்கே உயிர்விலை கொடுத்துக் காக்கப்பட்டது.

இனி நெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல் வெப்பநாட்டுப் பயிர். அதன் வாழ்நாளில் குளிருக்கு மிக அஞ்சும் காலம் குடலைப் பருவம். கதிர் வெளிப்படுவதற்கு ஏறத்தாழ 10, 12 நாட்களுக்கு முன்னர், தண்டுக்குள்ளே மகரந்தம் உருவாகிக்கொண்டிருக்கும். அவ்வேளையில் சில நாட்கள் தொடர்ந்து 20 பாகைக்கு வெகுவாகக் கீழே வெப்பம் இறங்கினால், மகரந்தம் மலடாகிறது. பயிர் பச்சைப்பசேலென நிற்கும், கதிரும் வரும், ஆனால் மணி பிடியாது. அறுவடையின்போதே உழவன் இழப்பை உணர்வான். 1993ஆம் ஆண்டின் குளிர்ந்த கோடையில் யப்பானில் நெல்விளைவு வழக்கத்தின் 74 விழுக்காட்டுக்கு இறங்கி, அரிசியில் தன்னிறைவு கண்ட அந்நாடு தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து அரிசி தருவிக்க நேர்ந்தது. குடலைப் பருவத்தில் வயலில் நீரை ஒரு சாண் உயரத்துக்குத் தேக்கி, இளங்கதிரை நீரின் வெதுவெதுப்பில் வைத்திருப்பது அந்நாட்டு வடபகுதி உழவரின் உபாயம்.

நெல் இனங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. வட சீனா, கொரியா, யப்பான் ஆகிய இடங்களின் குறுநெல் குளிர் தாங்கும். இலங்கை, தென்னிந்தியா ஆகியவற்றின் நெல் அவ்வளவு தாங்காது. 2015ஆம் ஆண்டில் பெய்சிங் நகர ஆய்வாளர்கள், கோல்டு-1 எனப் பெயரிட்ட ஒரு ஜீனைக் கண்டறிந்தனர். கலச்சவ்வில் அமர்ந்து குளிரை உணர்ந்து கலத்தின் உட்புறத்துக்கு அறிவிப்பது அதன் தொழில். குளிர் தாங்கும் நெல்லுக்கும் தாங்காத நெல்லுக்கும் இடையே அந்த ஜீனில் உள்ள முதன்மையான வேறுபாடு ஒரே ஓர் எழுத்தே. அந்த ஓரெழுத்தும் சீனத்துக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. வடக்கு நோக்கிப் பயிரைக் கொண்டு சென்ற பண்டைய உழவர், தாம் அறியாமலே அதனைத் தெரிந்தெடுத்தனர்.

ஆண்டுதோறும் தெரிந்தெடுத்துப் பேணிய இச்செல்வத்தை மறந்தால் நேர்வது என்ன என்பதற்குத் தென் கொரியா சான்று. 1970களின் தொடக்கத்தில் அந்நாடு, வெப்பநாட்டுக் குட்டை நெல்லையும் குளிர்நாட்டு நெல்லையும் கலந்து உருவாக்கிய தொங்கில் என்னும் புதிய நெல்லைப் பரப்பியது. விளைவு பெருகியது, 1977ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60 இலட்சம் தொன் அரிசி கிடைத்தது. அடுத்த ஆண்டில் நெல்வயல்களில் நான்கில் மூன்று பங்கு அவ்வினமே நின்றது. பின்னர் எரிபந்த நோய் பரவியது. 1980ஆம் ஆண்டில் கோடை குளிர்ந்தது. வெப்பநாட்டு இரத்தம் கலந்த அந்நெல் குளிரைத் தாங்கவில்லை. நாட்டின் விளைவு ஏறத்தாழ 36 இலட்சம் தொன்னுக்கு இறங்கியது. தொங்கில் தீய நெல் அன்று. பசியைப் போக்கிய நெல். நாடெங்கும் ஒரே வகையை நிறுத்தியதே அவ்விழப்பைப் பெரிதாக்கியது.

மட்டக்களப்பு வயல்களுக்கு இப்பாடம் எவ்வாறு பொருந்தும்? உறைபனி இங்கு வரப்போவதில்லை. பெரும்போக நெல் குடலைப் பருவம் எய்தும் மார்கழி, தை மாதங்களிலும் இரவுகள் பொதுவாக நெல்லுக்கு ஏற்ற வெம்மையுடனேயே கழிகின்றன. இப்பிரதேசத்து உழவர் அஞ்ச வேண்டியவை வேறு: வயலை மூழ்கடிக்கும் வெள்ளம், வாவியோர நிலத்தில் ஏறும் உவர், பூக்கும் வேளையில் 35 பாகையைத் தாண்டும் வெப்பம். அவ்வெப்பமும் குளிரைப் போலவே மகரந்தத்தைத் தாக்கி மணிகளைப் பதராக்குகிறது. குளிருக்கு எழும் ஜீன்களின் உறவினர்களே வறட்சிக்கும் உவருக்கும் எழுகின்றன. ஆகவே குளிரில் கற்ற பாடம் வெம்மையிலும் வெள்ளத்திலும் பயன்படும்.

பயன்பட்டும் இருக்கிறது. பத்து நாட்களுக்கு மேல் நீரில் மூழ்கினாலும் அழுகாது பிழைக்கும் ஆற்றலை நெல்லுக்குத் தரும் ஜீன் 2006ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. ஒரிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து அது கிடைத்தது. மூழ்குதலைத் தாங்கும் நெல்லைத் தேடிய சர்வதேச ஆய்வாளரின் பட்டியலில் அதனோடு இடம்பெற்றவை இலங்கையின் பழைய நெல்லினங்களான குர்க்கறுப்பன், தவலு, கொட ஹீனட்டி ஆகியன. உவரைத் தாங்கும் தன்மைக்காகக் கேரளக் கடலோரத்தின் பொக்காளி நெல் உலகப் புகழ் பெற்றது. இவற்றை உருவாக்கிய பெயர் தெரியாத உழவர்கள் ஜீன் என்னும் சொல்லைக் கேட்டதில்லை. வெள்ளம் வடிந்த பின் எந்தக் கதிர் நிமிர்ந்து நின்றதோ அதிலிருந்து விதை எடுத்தனர், அவ்வளவே. அத்தகைய விதைகளைப் பேணுவதற்காக 1988ஆம் ஆண்டில் யப்பானின் உதவியுடன் கன்னொறுவையில் பயிர் மரபுவள நிலையம் நிறுவப்பட்டது. நுவரெலியாவுக்கு ஏறிச் செங்கலடிக்கு இறங்கும் தெரு தொடங்கும் பேராதனைக்கு அண்மையிலேயே அந்நிலையம் உள்ளது.

விஞ்ஞானம் எவ்வளவு முன்னேறினும் இல்லாத ஜீனை நினைத்தவுடன் படைத்துவிட முடியாது. எங்கோ ஒரு வயலில், ஒரு காட்டில், ஒரு களஞ்சியத்தில் இருக்கும் ஒன்றையே தேடி எடுக்கிறது. களஞ்சியத்தில் உறங்கும் விதை பத்திரமாக இருக்கும். ஆனால் மாறிவரும் வானிலையை அது அறியாது. வயலில் ஆண்டுதோறும் விளையும் விதையே அதனை அறியும். ஆகவே களஞ்சியமும் வேண்டும், வயலும் வேண்டும். விளைவு மிகுந்த புதிய நெல்லை விதைக்கும் உழவர், தம் நிலத்தில் ஒரு மூலையையேனும் பழைய நெல்லுக்கு விடுவது வீண் செலவாகாது. ஒரே வயதுடைய ஒரே நெல்லை ஊர் முழுவதும் ஒரே நாளில் விதைக்காமல், வயது வேறுபட்ட இரண்டு மூன்று வகைகளைப் பகிர்ந்து விதைப்பது, ஒரு வாரக் கெடுகாலம் எல்லோரையும் ஒருங்கே வீழ்த்தாதிருக்கச் செய்யும் காப்பு.

கால்நடைக்குக் கொட்டிலும் காற்றுத் தடுப்பும் அமைப்பது மனிதன் கையில் உள்ளது. பயிருக்குரிய கொட்டில் அதன் விதைக்குள்ளேயே இருக்கிறது. அதனைக் கட்டியவை பல்லாயிரம் ஆண்டுகளும், எண்ணற்ற உழவரின் தெரிவும் ஆகும். அடுத்த வாடை எந்த ஆண்டில், எந்த உருவில் வரும் என்று எவராலும் உரைக்க இயலாது. குளிராக வரலாம், வெள்ளமாக வரலாம், சுடுகாற்றாகவும் வரலாம். அது வரும்போது படுவான்கரை உழவனின் கையில் ஒரு விதை மட்டும் இருக்குமா, பல விதைகள் இருக்குமா என்பதே கேள்வி. அதற்கான விடை, ஒவ்வோர் அறுவடையின் பின்னும் அடுத்த போகத்துக்கெனத் தெரிந்தெடுத்து எடுத்துவைக்கும் விதைநெல்லில் இருக்கிறது.